ரெண்டு ரிங்

அந்த ஸ்டூல்ல உக்காராதீங்க சார், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க, மொதல்ல தண்ணியக் குடிங்க. ஜெபமாலை பால் வாங்கப் போயிருக்கா. என் வீட்டுக்காரிதான். இப்ப வந்துருவா, வந்தா டீ போடுவா. அவ வர்றதுக்குள்ள நான் சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சிரணும், அதுக்குத்தான் உங்கள நாலு மணிக்கு வரச் சொன்னேன். அவ இருக்கும்போது இந்தப் பேச்சே இந்த வீட்ல கெடையாது.

ஸ்டீபன் சொல்லியிருப்பாரே, செல்போன் கடை ஸ்டீபன். "பேங்க்ல வேலை பாக்குறாரு, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி ஒயர்லெஸ் பேசுறவரு, இந்த டிஜிட்டல் சமாச்சாரமெல்லாம் அவருக்கு அத்துபடி"ன்னாரு. ரெண்டு மாசமா அவரக் கெஞ்சிக்கிட்டு இருந்தேன், ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வாங்கன்னு. வந்துட்டீங்க. சந்தோஷம்.

இதுதான் சார் அந்த செட்டு. பாத்தா எஃப்எம் ரேடியோ மாதிரிதானே இருக்கு? எம் மச்சினனும் அப்புடித்தான் நெனச்சான். சிங்கப்பூர்ல ஏதோ பழைய சாமான் கடையில பாத்துட்டு, மாமா படுத்த படுக்கையா கெடக்குறாரு, பாட்டுக் கேக்கட்டும்னு வாங்கிட்டு வந்தான். திருகுறேன், தட்டுறேன், ஒரு பாட்டு வரல. கர்ருன்னு ஒரு எரைச்சல், அப்புறம் ஒரு ஆம்பளைக் குரலு, "கன்ட்ரோல், ரவுண்டானால ஒரு லோடு வண்டி பிரேக் டவுன், ஓவர்"ங்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. நம்ம ஊரு போலீஸ் மைக்கு சார், நம்ம வீட்டுக் கட்டில்ல.

தப்புன்னு தெரியும். லைசென்ஸ் இல்லாம அதக் கேக்கக் கூடாது. மொறையா லைசென்ஸ் வாங்கினவரு நீங்க, உங்க முன்னாடி சொல்லக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா நான் படுத்துக் கெடந்தவன். அதுக்கு முன்னாடி இருபத்தி மூணு வருஷம் மைக் செட் வெச்சிருந்தேன். பெலவேந்திரன் சவுண்ட் சர்வீஸ்னா இந்தப் பக்கம் தேரு, சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாத்துக்கும் நம்ம ஸ்பீக்கர் குழாய்தான். மாதா கோயில் கொடியேத்தத்துக்குப் புளியமரத்துல குழாய் கட்ட ஏறினேன், கெளை முறிஞ்சுது, இடுப்பு போச்சு. ஊருக்கே சத்தம் வெச்சவன் கடைசில அடுத்தவன் பேசுறத ஒளிஞ்சு கேக்குறவனா ஆயிட்டேன், என்ன பண்றது.

நான் விழுந்ததும் வீட்டுக்கு யாரு சோறு போடுறது? ஜெபமாலைதான். பஜ்ஜி வண்டி போட்டா. இந்த ஜன்னலுக்கு வாங்க, பாருங்க. கீழ வரிசையா இரும்புக் கம்பி போட்டுப் பூந்தொட்டி வெச்சிருக்காங்கல்ல? அந்த நாலாவது தொட்டி, அதான் அவ எடம். இங்கருந்து ஒரு கல்லு விட்டா விழுற தூரம். இப்பத்தான் இப்புடிப் பளிச்சுன்னு தெரியுது. அப்ப ஒரு தூங்குமூஞ்சி மரம் நின்னு அந்த எடத்த மட்டும் மறைச்சுக்கும், எண்ணெய் வாசம் மட்டும் வரும். வாசம் வந்துச்சுன்னா மணி மூணரைன்னு அர்த்தம். பத்துப் பன்னண்டு வண்டி நின்ன எடம் சார் அது.

மாநகராட்சி லாரி வந்துரும். ஆக்கிரமிப்பு அகற்றுறாங்களாம். வண்டி, அடுப்பு, சட்டி, மாவு, எல்லாத்தையும் அப்புடியே தூக்கி லாரில எறிஞ்சுட்டுப் போயிருவாங்க. மொத ரெண்டு வருஷத்துல மூணு சட்டி போச்சு. ஆனா லாரி தனியா வராது. பந்தோபஸ்துக்கு முன்னாடி போலீஸ் ஜீப்பு வரணும். ஜீப்புக்கு மைக்ல சொல்லித்தானே ஆகணும்? சொல்லும்போது நான் இங்க இருப்பேன்.

எங்களுக்குள்ள ஒரு ஏற்பாடு. போன்ல ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினேன்னா, லாரி கெளம்பிருச்சு, பத்துப் பதினஞ்சு நிமிஷம் இருக்கு. ரெண்டு ரிங் விட்டா, ரவுண்டானா தாண்டிருச்சு, ஓடு. போனை எடுக்கவே வேண்டாம். மாவுக் கையோட எடுக்க முடியாதுல்ல, அதுக்குத்தான். ஒரு ரிங் வந்ததும் அவ அடுப்ப அணைப்பா. எண்ணெயை மூடி போட்ட தூக்குக்கு மாத்துவா. பக்கத்துல பூ விக்கிற விசாலத்துக்கு ஒரு சத்தம் குடுப்பா, விசாலம் அடுத்த வண்டிக்குக் குடுக்கும். எல்லாரும் நிதானமா தள்ளிக்கிட்டு சினிமாக் கொட்டகை சந்துக்குள்ள போயி நின்னுக்குவாங்க. லாரி வந்து பாத்தா வெறும் ரோடு.

நாலு வருஷம் சார். நாலு வருஷத்துல ஒரு சட்டி போகல, ஒரு கரண்டி போகல. நான் சம்பாதிச்சுப் போடல, வாஸ்தவம். ஆனா அத்தனை வண்டியும் நின்னது இந்தக் காதுலதான். விசாலம் தினமும் எனக்குன்னு மாதா படத்துக்கு ஒரு முழம் குடுத்தனுப்பும். அந்த விசாலம் இப்ப நம்ம வாசலத் தாண்டிப் போகும்போது மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போகுது. நான் அதுக்கு என்ன துரோகம் பண்ணேன்னு தெரியல.

சொல்லிட்டு வந்தது எங்க விட்டேன்? ஆங், காலைல. காலைல அவ அந்த மூலையில உக்காந்து வாழைக்காய் சீவுவா. நான் முந்தின நாள் மைக்ல கேட்டதெல்லாம் சொல்லுவேன். எந்தத் தெருவுல சண்டை, எந்த லாட்ஜ்ல சீட்டாட்டம், எந்த ஏட்டு டூட்டிக்குப் போறேன்னு மாமியார் வீட்ல தூங்கி மாட்டிக்கிட்டாரு. வயித்தப் பிடிச்சுக்கிட்டு சிரிப்பா. சிரிச்சுச் சிரிச்சு வாழைக்காயைக் கனமா சீவிட்டு, "உங்களாலதாங்க இன்னிக்கு பஜ்ஜி வேகப் போறதில்ல"ம்பா. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல சார். அந்த ஒரு மணி நேரம்தான் எங்க வீட்டுக் கலகலப்பு.

அப்புறம் ஒரு மார்கழி. காலைல செட்டப் போடுறேன், பேச்சில்ல. பேட்டரி போச்சோன்னு மாத்துறேன். தேடித் தேடிப் பாத்தா ஒரு எடத்துல கொர்ர்ருன்னு வருது, மாவு மிஷின்ல கல்லு விழுந்த மாதிரி. நிக்குது, மறுபடி கொர்ருங்குது. நாலு நாள் இப்புடி. அப்புறம் ஸ்டீபன்தான் சொன்னாரு, "அண்ணே, டிஜிட்டல் ஆக்கிட்டாங்க, பூட்டும் போட்டுட்டாங்க, இனிமே நீங்க தலைகீழா நின்னாலும் கேக்காது"ன்னு. பூட்டுப் போடுறதுக்கு அதுல என்ன சார் ரகசியம் இருக்கு? லோடு வண்டி பிரேக் டவுன் ஆனதெல்லாம் ஒரு ரகசியமா?

ஜெபமாலைகிட்ட சொல்லல.

சொல்லியிருக்கணும். நீங்க பாக்குற பார்வை புரியுது. சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். அவ வாழைக்காயை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்து, "நேத்து மைக்ல என்னங்க?"ன்னு கேட்டா. அவ மூஞ்சியப் பாத்தேன். "நேத்து ஒரு சைக்கிள் திருடனைப் பிடிச்சாங்க"ன்னு ஆரம்பிச்சேன். பிடிச்சாங்கன்னு மட்டும் சொன்னா யாரு நம்புவா? "அவன் செருப்பு வாரு அறுந்து சேப்டி பின் குத்தியிருந்தானாம், ஓட முடியாம அதனாலதான் மாட்டிக்கிட்டானாம்"னேன். சிரிச்சா. கதைக்கு இப்புடி ஒரு சின்ன சாமான் சேக்கணும் சார், அது இருந்தா நிக்கும். அப்புறம் தினம் ஒண்ணு கட்டினேன். அவளும் தினம் சிரிச்சா. நெசமான மைக்ல கூட அவ்வளவு நல்ல கதையெல்லாம் வந்ததில்ல.

கதை கட்டலாம், லாரியக் கட்ட முடியாதே. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சேன். இது நானே கண்டுபிடிச்சது, நீங்க படிச்சவரு, சரியான்னு சொல்லுங்க. இந்த செட்டுல பாருங்க, இந்த மூலையில கோடு கோடா ஏறுதுல்ல, செல்போன் டவர் மாதிரி. என்ன பேசுறாங்கன்னு தெரியலன்னாலும், பேசுறவன் எவ்வளவு கிட்ட இருக்கான்னு இது காட்டிக் குடுத்துரும். டவர்ல இருந்து வர்ற பக்கத்தக் கேட்டா எப்பவும் ஒரே மாதிரி இருக்கும், பிரயோசனம் இல்ல. அவங்க செட்டுல இருந்து டவருக்குப் போற பக்கத்தக் கேக்கணும், அது ரேடியோல வேற எடத்துல வரும். அதக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. ஜீப்பு நம்ம தெருவுல போறப்ப ஜன்னல்ல பாத்துக்கிட்டே கோட்டையும் பாப்பேன். ரவுண்டானான்னா ரெண்டு கோடு. கொட்டகைகிட்ட மூணு. நம்ம தெரு முக்குன்னா அஞ்சும் ஏறிரும். சரிதானே? தலையாட்டுறீங்க. பாத்தீங்களா, படிக்காட்டியும் சரியாத்தான் பிடிச்சிருக்கேன்.

ஒரே ஒரு கொறை. லாரி கெளம்பினது தெரியாது. கிட்ட வந்தப்புறம்தான் கோடு ஏறும். அதனால ஒரு ரிங்கே இல்லாமப் போச்சு, எல்லாமே ரெண்டு ரிங்தான். ஜெபமாலை ஒரு நாள் கேட்டா, "இப்பல்லாம் ஏங்க ஒரு ரிங் வர மாட்டேங்குது?"ன்னு. "இப்ப அவங்க கடைசி நேரத்துலதான் மைக்ல சொல்றாங்க, உஷாராயிட்டாங்க"ன்னேன். சரின்னுட்டா. தை மாசத்துல இருந்து ஆனி வரைக்கும் ஆறு தடவை ரெண்டு ரிங் விட்டேன். மூணு தடவை ஜீப்பு வந்துச்சு. மத்த மூணு தடவை வரல, ஆனா வந்திருக்கலாம்ல. ஆறுல மூணுன்னா அது ஒண்ணும் மோசமில்ல சார்.

ஏழாவது தடவைதான் அன்னிக்கு.

மணி நாலு பத்து. எண்ணெய் வாசம் நல்லா தூக்கி வருது, அடுத்த ஈடு போட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டு படுத்திருக்கேன். கோடு அஞ்சும் ஏறிருச்சு. படக்குனு எறங்கிருச்சு. மறுபடி அஞ்சு. மறுபடி. அவ்வளவு கிட்ட அதுக்கு முன்னாடி எப்பவும் வந்ததில்ல. வண்டிங்க மேலயே வந்து நிக்கிறான்னு நெனச்சேன். ரெண்டு ரிங் விட்டேன்.

நான் அங்க இல்ல. நடந்ததெல்லாம் விசாலம் ஆஸ்பத்திரியில சொன்னதுதான், மூஞ்சியத் திருப்பிக்கிறதுக்கு முன்னாடி. அடுப்பு முழு வேகத்துல எரிஞ்சுக்கிட்டு இருக்கு. அஞ்சாறு பேரு தட்டோட நிக்கிறாங்க. போன் ரெண்டு ரிங் அடிச்சு நிக்குது. இவ அடுப்ப அணைச்சா. எண்ணெயை மாத்த எங்க நேரம்? சட்டியோட அப்புடியே வண்டியத் தள்ளினா. சாக்கடை மூடிக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஒரு பள்ளம், அதுல சக்கரம் எறங்கிருச்சு. சட்டி அவ பக்கமா சாய்ஞ்சிருச்சு சார். சாயிற சட்டிய ரெண்டு கையாலயும் பிடிச்சிருக்கா. விட்டுட்டு நகர வேண்டியதுதானே. புதுச் சட்டின்னு பிடிச்சிருக்கா.

கை ரெண்டும், கழுத்துல வலது பக்கம், நெஞ்சுல பாதி. நாப்பத்தேழு நாளு. வெரல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிச்சு விடுறோம்னு ஒரு ஆபரேஷன் பண்ணாங்க, மறுபடி மடங்கிக்கிச்சு. சீப்புப் பிடிக்க முடியாது அவளால. தலை நான்தான் சீவி விடுறேன்.

அதோட முடிஞ்சுதான்னா இல்ல. ஆவணில ஒரு நாள் காலைல ஏழு மணிக்கு லாரி வந்துச்சு, கூடவே மண்ணு அள்ளுற மிஷினும். மூணு நாள் முன்னாடியே ஒவ்வொரு வண்டியிலயும் நோட்டீஸ் ஒட்டிட்டாங்க, ஆட்டோல மைக் கட்டி அறிவிச்சாங்க. மைக் செட்டு கூட நல்லா வெக்கத் தெரியல அவனுங்களுக்கு, ஒரே எரைச்சல். எந்த ரகசியமும் இல்ல, எந்த ஜீப்பையும் ஒளிஞ்சு கேக்க வேண்டியதில்ல. மரத்த வெட்டினாங்க, கம்பி போட்டாங்க, தொட்டி வெச்சாங்க. ஜெபமாலை இந்த ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தா, ஒண்ணும் சொல்லல.

அதான் சார் என் பிரச்சினை. அவ ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. எட்டு மாசம் ஆச்சு. "ஏங்க ரெண்டு ரிங் விட்டீங்க, லாரிதான் வரலயே"ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா தேவல. திட்டியிருந்தா தேவல. சாப்பிடுங்கம்பா, தூங்குங்கம்பா, மாத்திரை போட்டீங்களாம்பா. அந்த நாளப் பத்திப் பேச்சே எடுக்க மாட்டா. எனக்கும் எடுக்கத் தைரியம் இல்ல. அவ மனசுல, இந்த மனுஷனால என் கை போச்சுன்னு ஓடிக்கிட்டு இருக்கு. ஓடாம இருக்குமா? லாரி வரலன்னு ஊரே சொல்லுது. ஆனா வந்துச்சு சார். பாதி வழி வந்துட்டு, இங்க கூட்டமும் கூப்பாடுமா இருக்கவும் திரும்பிப் போயிருக்கான். கோடு பொய் சொல்லாது.

அன்னிக்கு அவ என்ன பண்ணான்னு நெனச்சா எனக்கு இன்னமும் பெருமையாத்தான் இருக்கு. கலியமூர்த்தி ஏட்டுன்னு ஒருத்தரு, தினமும் நாலு மணிக்கு வந்து ரெண்டு மொளகா பஜ்ஜி சாப்பிடுவாரு. காசு கேட்டா குடுப்பாரு, கேக்கலன்னா குடுக்க மாட்டாரு, அந்த மாதிரி ஆளு. போன் அடிச்சு இவ அடுப்ப அணைக்கவும் அவரு, "எதுக்கும்மா அணைக்கிற, மைக்ல ஒண்ணுமே வரலயே, யாரும் வரல, நில்லும்மா"ன்னாராம். கையில செட்ட வெச்சுக்கிட்டு நிக்கிற போலீஸ்காரரு சொல்றாரு சார். இவ என்ன சொன்னா தெரியுமா? "எங்க வீட்டுக்காரரு சொன்னா சரியாத்தான் இருக்கும்"னுட்டு வண்டியத் தள்ளிட்டா. போலீஸ் பேச்சக் கேக்கல, என் பேச்சக் கேட்டா. எத்தனை பேருக்கு சார் அப்புடி ஒருத்தி வாய்க்கும்?

சரி, அது கெடக்கட்டும். உங்கள வரச் சொன்னது இதுக்குத்தான். இந்தப் பழைய போன்ல அன்னிக்கு வந்த சத்தம் பதிவாயிருக்கு. புரியாதத எல்லாம் பதிஞ்சு வெப்பேன், புரிஞ்சவங்க யாராவது வந்தா கேக்கலாம்னு. பதினோரு நிமிஷம். நீங்க அந்தப் பூட்டத் தொறந்து, ஜீப்புல இருந்தவன் என்ன பேசினான்னு சொல்லிட்டீங்கன்னா போதும். "ரவுண்டானா தாண்டிட்டோம், ஓவர்"னு ஒரே ஒரு வரி இருந்தா போதும். அவகிட்டப் போட்டுக் காட்டிருவேன். அப்புறம் அவ திட்டினாலும் சரி.

இருங்க, வெக்கிறேன். கேளுங்க.

கொர்ர். கேட்டுச்சா? இருங்க, இன்னொண்ணு வரும். கொர்ர். இது ரெண்டாவது. என்ன சார், கைக்கடியாரத்தப் பாக்குறீங்க, நேரமாச்சா? ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க, பால் கடைல இன்னிக்குக் கூட்டம் போல. கொர்ர். மறுபடி கடியாரத்தப் பாக்குறீங்க.

முப்பது செகண்டுக்கு ஒண்ணா? ஆமா, ஒரே மாதிரி எடைவெளி விட்டுத்தான் வருது. எல்லாம் ஒரே நீளம்தான். அதனால என்ன சார்? ஜீப்புக்காரன் விட்டு விட்டுப் பேசுறான்.

பேச்சு இல்லையா?

கொஞ்சம் மெதுவா சொல்லுங்க சார். பேசினா நீளமும் குட்டையுமா வரும். சரி. இது யாரும் பட்டனை அமுக்காமலே செட்டு தானா அனுப்புறது. நான் இங்க இருக்கேன், நான் இங்க இருக்கேன்னு முப்பது செகண்டுக்கு ஒரு தடவை எடத்த மட்டும் சொல்லிக்கிட்டு இருக்கும். சரி. புது செட்டுங்களுக்கு அப்புடி உண்டு. சரி சார். அப்ப பூட்டத் தொறந்தாலும் உள்ள பேச்சு ஒண்ணும் இருக்காதா? பதினோரு நிமிஷமும்?

சரி, பேச்சு வேண்டாம். செட்டு இங்க இருந்துச்சுல்ல, அப்ப ஜீப்பும் இங்கதானே இருந்திருக்கணும்?

அங்க போலீஸ் யாராவது நின்னாங்களான்னா கேக்குறீங்க? யாருமே இல்ல சார், அதானே விஷயம், விசாலம் அப்பவே அடிச்சு சொல்லுச்சு ஒரு போலீஸ்காரன் கூட இல்லன்னு. கலியமூர்த்தி ஏட்டு மட்டும்தான். அவரு போலீஸ்ல சேத்தியா, அவரு பஜ்ஜி சாப்பிட வந்தவரு.

அவரு கையிலயா? செட்டுதான் வெச்சிருந்தாரு. புது செட்டு. அதுக்கு முன்னாடியெல்லாம் அவங்களுக்குக் கெடையாது, ஜீப்புக்கு மட்டும்தான். அன்னிக்குக் காலைலதான் ஸ்டேஷன்ல எல்லாருக்கும் குடுத்தாங்களாம், வண்டி மேலயே வெச்சுட்டு எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தாராம். விசாலம் கூட சொல்லுச்சு, புதுசா கல்யாணமானவன் மோதிரத்தக் காட்டுற மாதிரி காட்டுனாருன்னு.

வண்டி மேலயே.

தண்ணி இன்னும் கொஞ்சம் தரவா சார்?

அப்ப அந்த அஞ்சு கோடும் அவரா. மொளகா பஜ்ஜி சாப்பிட வந்த மனுஷனுக்கா நான் ரெண்டு ரிங் விட்டேன். அவரு ஒண்ணும் வரல, நில்லும்மான்னு சொல்றாரு, அவரு கையில இருக்கிற செட்டு என்கிட்ட வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்லுது. எட்டு மாசமா தினமும் இதப் போட்டுக் கேக்குறேன் சார். அவ கோயிலுக்குப் போறப்ப, பால் வாங்கப் போறப்ப. ஜீப்புக்காரன் குரலு எப்புடி இருக்கும்னு கூட மனசுல வெச்சிருந்தேன்.

படியில சத்தம் கேக்குது. அவதான். ஒரு கால் எடுத்து வெச்சு நின்னு நின்னுதான் ஏறுவா, பையக் கைல பிடிக்க முடியாது, முழங்கையில மாட்டியிருப்பா. சார், ஒரே ஒரு உபகாரம். நீங்க கண்டுபிடிச்சத அவகிட்டச் சொல்லிராதீங்க. ஜீப்பு வந்துக்கிட்டு இருந்துச்சு, பேசினது கேக்குதுன்னு நான் சொல்றேன். நீங்க பொய் சொல்ல வேண்டாம். நான் சொல்லும்போது தலையை மட்டும் ஆட்டுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

வா ஜெபம். பைய அங்க வெச்சிரு. இவருதான், ஸ்டீபன் சொல்லிக்கிட்டு இருந்தாரே, அந்த சாரு. அன்னிக்குப் பதிஞ்சதக் கேட்டாரு. நான் உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன். அன்னிக்கு ஜீப்பு வந்துக்கிட்டுதான் இருந்துச்சாம் ஜெபம். நம்ம தெரு முக்கு வரைக்கும் வந்து திரும்பியிருக்கான். பேசினது நல்லா கேக்குதாம். அப்புடித்தானே சார்?

பாரு, தலையாட்டுறாரு.

உள்ள போயிட்டா. அடுப்புப் பத்த வெக்கிறா. தீக்குச்சியப் பல்லுல கடிச்சுக்கிட்டுப் பெட்டில உரசுவா, பத்திக்க நேரமாகும், நாம உதவிக்குப் போனா பிடிக்காது. கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து உக்காருங்க சார், மெதுவா பேசுவோம். அவ சொன்னதக் கேட்டீங்கல்ல? "ரெக்கார்டிங் எதுக்குங்க, நான்தான் கண்ணால பாத்தனே"ங்கறா. எட்டு மாசமா வாயத் தொறக்காதவ. "வெள்ளை ஜீப்பு, முக்குல திரும்புச்சு, முன்னாடி லைட்டு ஒண்ணு ஒடஞ்சு அதுல செவப்புத் துணி கட்டியிருந்துச்சு"ங்கறா.

ஒடஞ்ச லைட்டு, அதுல செவப்புத் துணி. அத எதுக்கு சேத்தா? ஜீப்பப் பாத்தேன்னு சொன்னா பத்தாதா?

அது என் வேலை சார். செருப்புல சேப்டி பின் குத்தினவன் நான். என்கிட்ட இருந்துதான் கத்துக்கிட்டிருக்கா. அப்ப மார்கழில இருந்து தினமும் வாழைக்காய் சீவிக்கிட்டே சிரிச்சாளே, எல்லாம் தெரிஞ்சேதான் சிரிச்சிருக்கா. எனக்குக் கேக்கலன்னு மொத நாளே தெரிஞ்சிருக்கு. அன்னிக்கு ரெண்டு ரிங் அடிச்சப்பவும் தெரியும். ஏட்டு சொன்னது சரின்னும் தெரியும். நின்னிருக்கலாம். நின்னா, பெலவேந்திரனுக்குக் கேக்கலன்னு விசாலத்துக்குத் தெரிஞ்சிரும், அந்தப் பத்துப் பன்னண்டு வண்டிக்கும் தெரிஞ்சிரும். அதுக்காக கொதிக்கிற எண்ணெயோட தள்ளியிருக்கா சார்.

நான் அவகிட்ட இப்ப என்னன்னு சொல்றது? உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்னா? அதச் சொன்னா அவளுக்கு அந்த ஜீப்பும் இல்லாமப் போயிரும். நீங்க இன்னிக்கு வராம, அவ மட்டும் தானா சொல்லியிருந்தான்னா, அந்த செவப்புத் துணியோட அப்புடியே நம்பியிருப்பேன்.

டீ வாசம் வந்துருச்சு. செட்ட அணைச்சிரவா, இல்ல இருக்கட்டுமா? இருக்கட்டும். அணைச்சா ஏன் அணைச்சேன்னு நெனப்பா. நீங்க ஒண்ணும் காட்டிக்காதீங்க. டம்ளர ரெண்டு மணிக்கட்டுக்கும் நடுவுல வெச்சுப் பிடிச்சுக்கிட்டு வருவா, சூடு ஒறைக்காது அவளுக்கு. கதவுகிட்ட வந்ததும் எந்திரிச்சுப் போயி வாங்கிக்கங்க சார். நான் எந்திரிக்கிறதுக்குள்ள அவ வந்துருவா.